‘கனடா கிராம விசா’வுக்கு ஆறு லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கணவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். சத்துவாச்சாரியில் ஒரு ஏஜென்ட், ‘கனடாவில் சின்ன ஊர்களுக்கு ஆள் இல்லை, அந்த ஊரே கூப்பிட்டு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) தருகிறது, கிளேர்ஸ்ஹோம் என்ற ஊரில் நர்ஸ் வேலையோடு வாங்கித் தருகிறேன்’ என்கிறார். மொத்தம் ஆறு லட்சம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். இப்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் கேட்கிறார். வேலையை விட்டுவிட்டு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கவும் சொல்கிறார். பி.ஆர். வந்ததும் டொராண்டோவில் இருக்கும் சித்தி மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்கிறார். மாமியாரையும் கூட்டிப்போக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒன்று இருப்பதாகத் தம்பி சொல்கிறான். எதை நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளிகொண்டா.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். வேலையை விடாதீர்கள். இந்த மூன்றும் இந்த வாரமே. மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. திட்டம் இருக்கிறது, கிளேர்ஸ்ஹோமும் அதில் இருக்கிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் கால்கரியிலிருந்து தெற்கே சுமார் 125 கிலோமீட்டரில், நாலாயிரம் பேர் கூட இல்லாத ஊர் அது. நம் பக்கத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் சென்னை, பெங்களூரு என்று கிளம்பிவிடுகிற மாதிரிதான் அங்கேயும். இருக்கிறவர்களுக்கு வயதாகிறது, இளையவர்கள் வெளியேறுகிறார்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களோ பெரும்பாலும் டொராண்டோ, வான்கூவர், மாண்ட்ரியல் என்று பெருநகரங்களிலேயே இறங்கிவிடுகிறார்கள். முதியோர் இல்லத்தில் இரவு டியூட்டிக்கு ஆள் கிடைக்காத ஊர்கள், ‘யார் வர வேண்டும் என்பதில் எங்களுக்கும் ஒரு சொல் வேண்டும்’ என்று கேட்டதன் விளைவு இது.

2019-இல் பதினோரு ஊர்களோடு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆர்.என்.ஐ.பி. என்பார்கள். அது 2024 ஆகஸ்ட் இறுதியோடு மூடப்பட்டது. யாராவது இன்றும் அந்தப் பெயரில் படிவம் நீட்டினால், அவர் பழைய காகிதத்தை விற்கிறார் என்று அர்த்தம். அதன் இடத்தில் வந்தது ஆர்.சி.ஐ.பி., கிராமப்புறச் சமூகக் குடியேற்ற முன்னோட்டத் திட்டம். 2025 ஜனவரி இறுதியில் ஊர்களை அறிவித்தார்கள். ஒண்டாரியோவில் நார்த் பே, சட்பரி, டிம்மின்ஸ், சால்ட் செயின்ட் மேரி, தண்டர் பே. மானிட்டோபாவில் ஸ்டைன்பாக், ஆல்டோனா–ரைன்லாந்து, பிராண்டன். சஸ்காட்செவனில் மூஸ் ஜா. ஆல்பர்ட்டாவில் கிளேர்ஸ்ஹோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெஸ்ட் கூட்னே, நார்த் ஒகனாகன்–ஷூஸ்வாப், பீஸ்–லியார்ட் வட்டாரங்கள். நோவா ஸ்கோஷியாவில் பிக்டூ கவுண்டி. பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு திட்டம் தனியாக ஓடுகிறது, உங்களுக்கு அது வேண்டாம்.

‘கிராமம்’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். சட்பரி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும், நிக்கல் சுரங்கத்தால் வளர்ந்த நகரம். பிராண்டன் ஐம்பதாயிரம் பேர் ஊர். எல்லாவற்றையும் ஒரே ‘கிராம விசா’ என்று சொல்கிறவருக்கு ஊர்களே தெரியாது.

இனி இது நடக்கிற வரிசை. வரிசைதான் இதில் எல்லாம். முதலில் அந்த ஊரில் உள்ள ஒரு நிறுவனம், ஊரின் பொருளாதார வளர்ச்சி அமைப்பிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதற்கு அந்த நிறுவனம் அங்கே குறைந்தது இரண்டு ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், வேற்று நாட்டுப் பணியாளர்களை நடத்துவது பற்றிய பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அடுத்து, அந்த அங்கீகாரம் உள்ள நிறுவனம் உங்களை நேர்காணல் செய்து வேலைக்கு எடுக்க வேண்டும். வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும், வாரம் 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, பருவகால வேலையாக இருக்கக் கூடாது, சம்பளம் அந்தத் தொழிலுக்கு அந்தப் பகுதியில் உள்ள கீழ் வரம்புக்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவதாக, நிறுவனமும் நீங்களும் சேர்ந்து ஊர் அமைப்பிடம் பரிந்துரைச் சான்று கேட்க வேண்டும். ஊர் அதைக் கொடுத்தால்தான் நான்காவதாக நீங்கள் கனடா மத்திய அரசின் குடியேற்றத் துறைக்கு பி.ஆர். விண்ணப்பம் போட முடியும்.

ஊர் பி.ஆர். தருவதில்லை என்பது இதிலேயே தெரியும். ஊர் கை காட்டும், அவ்வளவே. முடிவு தலைநகர் ஒட்டாவாவில், மத்திய அரசிடம். ஏஜென்டோ இந்த நான்கில் எந்தப் படியிலும் இல்லை! வேலை கொடுப்பது நிறுவனம், பரிந்துரை ஊருடையது, பி.ஆர். அரசுடையது. இதில் அவர் எதை ஆறு லட்சத்துக்கு விற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ‘வேலைக் கடிதம்’ என்றால், அதை விலைக்கு விற்பதும் வாங்குவதும் அங்கே குற்றம். பணம் கொடுத்து வாங்கிய கடிதம் என்று தெரிந்தால் அது உண்மையான வேலை இல்லை என்றாகிவிடும். விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவானால் ஐந்து ஆண்டுகளுக்கு நீங்கள் கனடா பக்கம் போக முடியாது. தண்டனை உங்களுக்குத்தான் வரும், ஏஜென்ட் வேறு பெயரில் போர்டு மாட்டிக்கொள்வார்.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. ஒவ்வோர் ஊரும் அதிகபட்சம் ஐந்து துறைகள், இருபத்தைந்து தொழில்கள் என்று பட்டியல் போட்டுக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத தொழிலுக்கு, கையில் வேலையே இருந்தாலும் பரிந்துரை கிடையாது. ஆண்டுக்கு இத்தனை பரிந்துரைதான் என்ற ஒதுக்கீடும் உண்டு, அது தீர்ந்தால் கதவு மூடும். விண்ணப்பங்களைச் சுற்றுச் சுற்றாக, மதிப்பெண் போட்டு எடுக்கிற ஊர்களும் உண்டு. அப்போது ஏற்கெனவே அந்த ஊரில் வேலை பார்க்கிறவருக்கும் அங்கே படித்தவருக்கும் கை மேலே. பள்ளிகொண்டாவிலிருந்து விண்ணப்பிக்கிற உங்களுக்கு வழி இல்லை என்று சொல்லவில்லை. குறுகலான வழி என்று சொல்கிறேன். ‘நூறு சதவீதம் உறுதி’ என்கிறவரிடம், ‘இந்த வருடம் அந்த ஊரின் பட்டியலில் என்னென்ன தொழில் இருக்கிறது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

இப்போது உங்கள் தொழில். கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, என்.ஓ.சி. என்பார்கள் (நம் ஊரில் அலுவலகத்தில் வாங்குகிற நோ அப்ஜெக்‌ஷன் வேறு, இது வேறு). பதிவு பெற்ற நர்ஸ் 31301. மருத்துவமனை, முதியோர் இல்லத்தில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, உணவு ஊட்டுவது போன்ற நர்ஸ் எய்டு வேலை 33102. வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது 44101. ஏஜென்ட் ‘நர்ஸ் வேலை’ என்றது எந்த எண்? அதை அவர் சொல்லவில்லை, சொல்ல மாட்டார். 31301-ஆக அங்கே வேலை செய்ய மாகாண நர்சிங் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்குப் படிப்பு மதிப்பீடு, என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு என்று தனிப் பாதை. தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சில் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அங்கே ஊசி போட முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் உங்களுக்கு ‘ரிஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று கடிதம் வந்தால் கடிதம் பொய்.

ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. பொதுவாக நீங்கள் பார்த்த வேலையின் நிலையும் கிடைக்கிற வேலையின் நிலையும் ஒத்துப்போக வேண்டும். நர்ஸுக்கு மட்டும் விலக்கு. 31301-இல் அனுபவம் உள்ளவர் 33102 அல்லது 44101 வேலைக்கான கடிதத்தோடு இந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அதாவது உங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அனுபவத்தை வைத்துக்கொண்டு எய்டு வேலையில் நுழைந்து, அங்கே இருந்தபடி நர்ஸ் பதிவுக்குப் படிக்கலாம். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பாதை இதுதான். அதிலும் மாகாண வித்தியாசம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு நிதி பெறும் இடங்களில் எய்டாக வேலை செய்ய அதற்கென்று உள்ள பதிவேட்டில் சேர வேண்டும். அதனால் கடிதம் வரும்போதே ‘இந்த வேலைக்கு இந்த மாகாணத்தில் என்ன பதிவு வேண்டும்?’ என்று அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

மனசையும் தயார் செய்துகொள்ளுங்கள். வார்டில் நான்கு பேருக்கு உத்தரவு போட்டவர் அங்கே டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்கூட்டியே தெரியாமல் போய் ஆறாம் மாதம் உடைந்துபோவது நல்லதல்ல.

அனுபவக் கணக்கு: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 1,560 மணி நேரம், சம்பளத்தோடு. வாரம் 30 மணி, 52 வாரம் என்ற கணக்கு. வாரம் 48 மணி பார்க்கிறேன், எட்டு மாதத்தில் முடித்துவிடுவேன் என்றால் செல்லாது, குறைந்தது பன்னிரண்டு மாதத்தில் பரவியிருக்க வேண்டும். சம்பளம் இல்லாத பயிற்சிக் காலமும் சொந்தமாகச் செய்த தொழிலும் சேராது. வேலையை விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காக. விட்டுவிட்டு ஒரு வருடம் ஐ.இ.எல்.டி.எஸ்., இன்னொரு வருடம் வேலை தேடல் என்று போனால், மூன்று வருட ஜன்னல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வரும்.

இந்த அனுபவத்தை நிரூபிப்பதில்தான் நம் பக்கத்து நர்ஸுகள் பலர் இடறி விழுகிறார்கள். ‘இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரிச் சான்றிதழ் பயன்படாது. மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், அன்றாடம் செய்த வேலைகள் என்று எழுதி, அதிகாரியின் கையெழுத்து, பதவி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். சிறிய நர்சிங் ஹோம்களில் பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுப்பது உண்டு. அப்படியானால் கடிதத்தில் உள்ள தொகையும் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையும் ஒத்துப்போகாது, அதிகாரிக்குச் சந்தேகம் வரும். பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு, படிவம் 16, வங்கி ஸ்டேட்மென்ட், இருக்கிறதையெல்லாம் இப்போதே பதிவிறக்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு எச்.ஆர். முகம் மாறும்.

ஆங்கிலத் தேர்வில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. நர்ஸ் என்றாலே ஐ.இ.எல்.டி.எஸ். ‘அகாடமிக்’ அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வை எழுதச் சொல்லிவிடுகிறார்கள் கோச்சிங் சென்டர்களில். குடியேற்றத்துக்கு இரண்டுமே செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் ‘ஜெனரல் ட்ரெய்னிங்’ எழுத வேண்டும். செல்பிப் ஜெனரல், பி.டி.இ. கோர் என்ற ஆங்கிலத் தேர்வுகளும் செல்லும். எவ்வளவு வேண்டும் என்பது கிடைக்கும் வேலையைப் பொறுத்தது. 33102-க்கு கனடா மொழி அளவு 5. ஐ.இ.எல்.டி.எஸ். கணக்கில் கேட்டல் 5, வாசித்தல் 4, எழுதுதல் 5, பேசுதல் 5. 44101-க்கு அளவு 4 போதும்: கேட்டல் 4.5, வாசித்தல் 3.5, எழுதுதல் 4, பேசுதல் 4. நான்கில் ஒன்று அரைப் புள்ளி குறைந்தாலும் மொத்தமும் அந்தக் கீழ் அளவாகவே கணக்காகும். முதியோர் இல்லத்தில் பாட்டி முணுமுணுப்பது புரிய வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்க வேண்டும். ஆகவே ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் 6-ஐக் குறி வையுங்கள், அது உங்களைப் போல ஆறு வருடம் கேஸ் ஷீட் எழுதியவருக்கு எட்டாத உயரம் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே தினம் ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மாதம் படித்தால் பெரும்பாலும் போதும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே ஊர்ப் பட்டியலையும் வேலை வாய்ப்புகளையும் பார்க்கத் தொடங்கிய பிறகு எழுதுங்கள்.

படிப்புக்கு இ.சி.ஏ. என்ற மதிப்பீடு வேண்டும். டபிள்யூ.இ.எஸ். போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு, உங்கள் பட்டம் கனடாவின் எந்தப் படிப்புக்குச் சமம் என்று எழுதிக் கொடுக்கும். விண்ணப்பிக்கும்போது அது ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் ஆவணம் நேரடியாகப் பல்கலைக்கழகத்திலிருந்து போக வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் என்பதால் உங்களுக்கு அது சென்னை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இங்கே சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போய் அலைய வேண்டாம். பட்டமளிப்புச் சான்றிதழ் வாங்காமல் ப்ரொவிஷனலோடு விட்டிருந்தால் முதலில் அதை வாங்குங்கள். இதில்தான் மாதங்கள் ஓடும்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்து என்று மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருப்போம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஐ.இ.எல்.டி.எஸ்., இ.சி.ஏ. இரண்டும் இருக்கட்டும். மற்ற ஆவணங்களுக்கு ‘இரண்டும் ஒருவரே’ என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் அதற்கு வேறு நாள் ஆகும்.

பணத்துக்கு வருவோம். குடியேற்றத் துறைக்குக் கட்டும் கட்டணம், 2024 ஏப்ரல் இறுதியில் உயர்த்திய கணக்குப்படி பெரியவர் ஒருவருக்கு 1,525 கனடிய டாலர், பிள்ளைக்கு 260 என்று இருந்தது. பெரியவர்கள் இருவருக்கும் விரல்ரேகை எடுக்கும் கட்டணம் 170 சேர்த்தால், அந்தக் கணக்கில் நான்கு பேருக்கும் 3,740 டாலர், நம் பணத்தில் இரண்டேகால் லட்சத்தைச் சுற்றி வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை ஏற்றுகிறார்கள், கட்டும் நாளில் துறையின் தளத்திலேயே பாருங்கள். இதைத் தவிர ‘நாங்கள் போனதும் பிழைத்துக்கொள்வோம்’ என்று காட்டும் இருப்புப் பணம். இது யாருக்கும் கட்டுவதல்ல, உங்கள் கணக்கிலேயே இருக்க வேண்டியது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 20,000 டாலர், அதாவது பன்னிரண்டு லட்சம் ரூபாயைச் சுற்றி. ஆண்டுதோறும் மாறும். ஏற்கெனவே கனடாவில் முறையாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் விலக்கு. ஏஜென்ட் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

இந்தப் பணத்துக்குப் பள்ளிகொண்டாவில் மனையும் பேரணாம்பட்டில் மாந்தோப்பும் கணக்கில் வராது. கழுத்து நகையும் வராது. நகையை அடகு வைத்து ஒரே நாளில் பன்னிரண்டு லட்சம் போட்டால், வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் உங்கள் கடன் விவரமும் எழுதப்பட வேண்டும் என்பதால் அது அப்படியே வெளியே தெரியும். கடன் வாங்கிய பணம் செல்லாது. ஏலச் சீட்டு எடுத்ததோ நிலம் விற்றதோ என்றால், அதற்கான ரசீதும் கிரயப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். மெல்ல மெல்லச் சேர்த்துக் கணக்கில் நிற்கவிடுவதுதான் சிக்கல் இல்லாத வழி. மனையை விற்பதாக இருந்தால் வேலைக் கடிதம் வந்த பிறகு விற்றால் போதும்.

வேலை தேடுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். அந்தந்த ஊரின் திட்டத் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலையோ வேலை அறிவிப்புகளையோ பெரும்பாலும் பார்க்கலாம். கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்திலும் ஊர் பெயரையும் தொழில் எண்ணையும் வைத்துத் தேடலாம். இரண்டு பக்கத்துக்கு மிகாத விவரக் குறிப்பு போதும். அதில் புகைப்படம், மதம், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். எந்த வார்டு, எத்தனை படுக்கை, ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை நோயாளி, தூக்கிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் பராமரிப்பு, மறதி நோய் உள்ளவர்களைக் கவனித்த அனுபவம் என்று எழுதுங்கள். ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று எழுதாதீர்கள், அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். நூறு இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ‘உங்கள் ஊரில் ஏன்’ என்று இரண்டு வரி உண்மையாக எழுதிப் பதினைந்து இடத்துக்கு அனுப்புவது மேல். வீடியோ நேர்காணல் வந்தால், ஒண்டாரியோ நம்மைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, நேரத்தை இரண்டு முறை சரிபாருங்கள்.

நேர்காணலே இல்லாமல் வருகிற கடிதம், ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிற கடிதம், அங்கீகாரப் பட்டியலில் பெயர் இல்லாத நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் குப்பையில் போடலாம். உண்மையான நிறுவனம், வேலை அனுமதிக்காக அரசுத் தளத்தில் தானே வேலை விவரத்தைப் பதிந்து 230 டாலர் கட்டி, ஒரு எண்ணை உங்களுக்கு அனுப்பும். அந்த 230-ஐ உங்களிடம் கேட்கவும் கூடாது. பி.ஆர். விண்ணப்பம் போட்ட பிறகு, முடிவு வரும்வரை காத்திராமல் போய்ச் சேர, அந்த நிறுவனத்தில் மட்டும் வேலை செய்யும் அனுமதியை அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குக் கேட்கலாம்.

கணவரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட யோசிக்காதீர்கள். தோல் கட்டிங்கும் லைன் சூப்பர்விஷனும் ராணிப்பேட்டையில் பொன், அந்த ஊர்ப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. அவர் உங்களோடு வருகிற கணவராக வந்து, திறந்த வேலை அனுமதி கேட்கலாம், பி.ஆர். வந்த பிறகு எந்த வேலையும் பார்க்கலாம். இதில் அவருக்கு மொழித் தேர்வு கட்டாயமில்லை. ஆனாலும் பேச்சு ஆங்கிலமும் கார் ஓட்டவும் பழகட்டும். இந்த ஊர்கள் பலவற்றில் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து போகிறீர்கள். தண்டர் பேயில் ஜனவரி இரவு மைனஸ் இருபது என்பது சாதாரணம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவருடைய லைசென்ஸ் எந்த வருடத்திலிருந்து என்பதற்கான சான்று வாங்கிவைத்தால் அங்கே பயன்படலாம்.

டொராண்டோ விஷயம். கனடா அரசியல் சட்டப்படி பி.ஆர். உள்ளவர் நாட்டில் எங்கும் வசிக்கலாம், வேலை செய்யலாம். அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் இந்தத் திட்டத்தில் ‘நான் அந்த ஊரில் வாழ வருகிறேன்’ என்று சொல்லித்தான் விண்ணப்பிக்கிறீர்கள். அந்த எண்ணமே இல்லாமல் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கூற்று. விமான நிலையத்தில் இறங்கியதும் சித்தி மகள் வீடு என்றால் குடியேற்றத் துறைக்கு நிறுவனம் எழுதும், ஊரும் எழுதும். சில வருடம் உண்மையாக இருந்து, பிறகு பிள்ளைகள் படிப்புக்காக மாறுவது வேறு. டொராண்டோவுக்கு நார்த் பே சுமார் 340 கிலோமீட்டர், தண்டர் பே சாலை வழியில் 1,400. உறவுதான் முக்கியம் என்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள். கிளேர்ஸ்ஹோமிலிருந்து டொராண்டோ என்பது நாட்டின் பாதியைக் கடப்பது, அதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

தம்பி சொன்ன ஆஸ்திரேலிய 491 விசா இந்த விஷயத்தில் இன்னும் கறார். அது ஐந்து வருடத் தற்காலிக விசா. அவர்கள் வரையறுத்த பகுதிக்குள்தான் வசிக்கவும் வேலை செய்யவும் வேண்டும், அது விசாவின் நிபந்தனை. மூன்று வருடம் அப்படி இருந்த பிறகே நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நர்ஸ் பதிவு அங்கேயும் முதல் படி.

மாமியாரை இந்த விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது. கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், அவ்வளவே. பிறகு பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா கேட்கலாம், அதற்கு உங்கள் அங்குள்ள வருமானமும் அவருக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அவரை யார் பார்த்துக்கொள்வார் என்பதை இப்போதே வீட்டில் பேசுங்கள்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. கூலி வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்ற விண்ணப்பத்தைக் கையாள அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர் அல்லது குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் (இது படிக்கும் கல்லூரி அல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) உறுப்பினர் போன்றவர்களுக்கே உரிமை. உறுப்பினரா என்று அந்தக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஏஜென்ட் ‘படிவத்தில் என் பெயரைப் போட வேண்டாம், நீங்களே போட்டதாக இருக்கட்டும்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பிரதிநிதியை மறைத்ததும் உங்கள் கணக்கில் பொய்யாக எழுதப்படும். ‘வேலை வாங்கித் தருகிறேன்’ என்று இந்தியாவில் ஆள் எடுப்பதற்கோ, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்டாக இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவு பெற்றவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஆறு லட்சத்துக்கு அங்கே இடமே இல்லை.

கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு ரசீது வாங்கினீர்களா? இல்லை என்றால், சண்டை போடாமல், வாட்ஸ்ஆப்பில் ‘இன்ன தேதியில் கொடுத்த 50,000 ரூபாய்க்கு ரசீதும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரும், உங்கள் பதிவு எண்ணும் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அது ஆதாரம். வங்கி அல்லது ஜிபே மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைப் பிரதி எடுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வரவில்லை என்றால் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், ஒரு பிரதியைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை முதலில் வாங்குங்கள், பணம் அப்புறம்.